எடையே பிடித்துக்கொள்ளுமா?

20 டன் பொக்லைனை லோ-பெட் (தாழ்வான மேடை) டிரெய்லரில் ஏற்றியதும், “பக்கெட்டை இறக்கி வைத்தால் போதும், எடையே பிடித்துக்கொள்ளும்” என்கிறார் எங்கள் டிரைவர். சரிதானா? – நாமக்கல் வாசகர்

சரியே இல்லை. இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. எடை கூடக்கூடப் பிடிப்பு கூடுவது உண்மைதான். தள்ளும் விசையும் அதே அளவுக்குக் கூடுமே! திடீர் பிரேக்கில் எடையில் பத்தில் எட்டுப் பங்கு முன்னால் தள்ளும் என்று வைத்துத்தான் கட்ட வேண்டும். 20 டன்னுக்கு அது 16 டன். எதிரே இருப்பது டிரைவரின் முதுகு. வளைவில் பக்கவாட்டில் 10 டன். இரும்பு மேடையில், சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் இரும்பு டிராக்குக்குக் கிடைக்கும் பிடிப்போ பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். மழையிலும் சேற்றிலும் அதுவும் போய்விடும்.

ஏற்றுவதற்கு முன் டிராக்கில் ஒட்டிய மண்ணைக் கடப்பாரையால் குத்தி எடுத்துவிடுங்கள். மேடையில் மரப்பலகை விரியுங்கள். கிரேடு 80 என்னும் வலிமைத் தரத்தில், 10 மி.மீ. சங்கிலி ஒன்று நேராக இழுக்கும்போது சுமார் 6.3 டன் தாங்கும். நான்கு மூலைக்கும் நான்கு போட்டாலும், முன்னோக்கிய தள்ளலைத் தடுப்பவை பின்பக்கம் இழுக்கும் இரண்டு மட்டுமே. சாய்வாகக் கட்டுவதால் அவற்றின் பலமும் குறையும். பலகையின் பிடிப்பும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். பூம் என்கிற நீண்ட கைக்கும் பக்கெட்டுக்கும் தனிச் சங்கிலி போடுங்கள். கைப்பிடியிலோ ஹைட்ராலிக் சிலிண்டரிலோ கொக்கியை மாட்டவே கூடாது.

ஒருமுறை சங்ககிரியில் கட்டிக்கொண்டு கிளம்பி, பெருந்துறையில் டீக்கு நிறுத்தினோம். விறைப்பாக இருந்த சங்கிலி துணிக்கொடி போலத் தொங்கியது. டிராக்குக்கு அடியில் இருந்த ஈரமண் பிதுங்கி வெளியேற, இயந்திரம் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. அன்றிலிருந்து முதல் 15 கிலோமீட்டரிலேயே நிறுத்தி, ஒவ்வொரு சங்கிலியையும் கையால் அழுத்திப் பார்க்காமல் நான் மேலே போவதில்லை.

பாரம் ஏற்றிய வண்டியின் உயரத்தை எப்படிக் கணக்கிடுவது? – ஆத்தூர் வாசகி

கையேட்டைப் பார்த்து அல்ல. ஏற்றிக் கட்டி முடித்த பிறகு, தரையிலிருந்து டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பூமை மடித்த முட்டியின் மேல் ஓடும் ஹோஸ்தான் பெரும்பாலும் உச்சம். மின்மயமான ரயில் பாதையின் லெவல் கிராசிங்கில் நிற்கும் உயரத் தடுப்பு 4.67 மீட்டர். அதற்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன்: தெருக்களில் தொங்கும் மின்கம்பியை மூங்கிலால் தூக்கிவிடச் சொல்லிக் கிளீனரை இயந்திரத்தின் மேல் ஏற்றாதீர்கள். ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும். வேறு வழியில் சுற்றிப் போகலாம், அல்லது மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்யலாம்.

அனுமதி வாங்க நாளாகிறது. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனால் என்ன? – கரூர் வாசகர்

சட்டம் அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர், 20 டன் பொக்லைன் ஏறக்குறைய 2.8 மீட்டர் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின், சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். அதிக பாரத்துக்கு 20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் தகராறு தனி. அனுமதி வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.

ஜேசிபியை 15 கிலோமீட்டர் ஓட்டியே கொண்டுபோகலாமா? – தாராபுரம் வாசகர்

பகலில் போகலாம். பூம் பூட்டு, சுழல் பூட்டு, பக்கக் கால்கள் மூன்றையும் சரிபாருங்கள். வயலில் தனித்தனியாக மிதித்த இரண்டு பிரேக் பெடல்களையும் தாழ்போட்டு ஒன்றாக இணைத்துவிடுங்கள். மறந்தால், அவசரத்தில் ஒருபக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும். மட்கார்டில் யாரையும் உட்காரவிடாதீர்கள்.

தொப்பூர் இறக்கத்தில் எந்த கியர்? – தர்மபுரி வாசகர்

அதே பாரத்தோடு அந்த மேட்டை எந்த கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்; வண்டி வேகம் பிடித்த பிறகு கியர் விழாது.