ரெண்டாவதா வந்த ஆள்ட்டக் கேட்டீங்களா?

விளையாட்டுப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணன், எங்கட விளையாட்டுக் கழகத்துக்கு அடுத்த வருசம் 40 வருசம் நிரம்புது. கழகக் கட்டடத்துச் சுவர்ல பழைய திறமான விளையாட்டுக்காரர்ட படங்கள பிரேம் போட்டு மாட்டுவம் எண்டு கூட்டத்தில முடிவெடுத்தம், பேர் எழுதக்குள்ளயே சண்டை வந்திட்டு. 2003 ல, சமாதான காலத்தில, மென்பந்துக் கிரிக்கெட் பைனல் ஒண்டு விளையாடின நாங்க. கடைசி ஓவர்ல மற்றப் பக்கத்துக்கு 14 ஓட்டம் வேணும், பந்து எங்கட ஆகத் திறமான பந்துவீச்சாளர்ட கையில. ரெண்டு வைட், ஒரு நோபோல், பிறகு புல்டொஸ் மேல புல்டொஸ், தோத்திட்டம். என்ன நடந்த எண்டு ஆருக்கும் விளங்கல்ல. சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில முகாமா இரிந்த நேரம் அவரே கப்டனிட்டச் சொல்லியிரிக்கார், பந்தயம் கட்டின ஆக்கள்ட்ட 5,000 ரூபா வாங்கின எண்டு. அதோட அவர் விளையாட்டையே விட்டிட்டார். இப்ப அரைவாசிப் பேர் அவர்ட படம் இல்லாட்டி அது கழகச் சுவரே இல்ல எண்டுறாங்க, மத்த அரைவாசி அவர்ட படம் ஏறினா எங்கட படத்தக் கழட்டுங்க எண்டுறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?
– களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவர்

பதில்: தம்பி, உங்கட கடிதத்த மூணு தரம் வாசிச்சன், மூணு தரமும் ஒரு விசயம் குறையிற மாதிரியே இரிந்திச்சு. அரைவாசிப் பேர் இப்பிடி, அரைவாசிப் பேர் அப்பிடி எண்டு எழுதியிரிக்கீங்க, அண்டைக்கு வெயிலுக்குள்ள அவரோட மைதானத்தில நிண்ட மத்தப் பத்துப் பேரும் என்ன சொல்றாங்க எண்டு எழுதல்லயே. கூட்டத்தில கைய உயர்த்தின ஆக்கள்ல எத்தின பேர் அந்த மெச்சப் பாத்திரிப்பாங்க?

இதில நான் நடுவில நிக்கிற ஆள் இல்ல, அத முதலே சொல்லிர்றன். நான் படிக்கிற காலத்தில என்னோட ஒரு பொடியன் 15 வயசுக்குக் கீழ் 1500 மீற்றர் ஓடினவன், சப்பாத்து இல்ல, வெறுங்கால். வலய மட்டத்தில ரெண்டாமிடம். முதலாமிடம் வந்தவனுக்கு மீசை முளைச்சிரிந்திச்சு, பாத்த எல்லாருக்கும் தெரியும் வயசு கூட எண்டு, ஆனா பிறப்பத்தாட்சிப் பத்திரம் சரியாம். ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரிய வந்திச்சு அது தம்பிக்காரன்ட பத்திரம் எண்டு, அதுக்குப் பிறகும் ஒருத்தரும் ஒண்டையும் திருத்தல்ல. என்ட சினேகிதன் கட்டார்ல 18 வருசம் வேலை செஞ்சிட்டு இப்ப ஊரோட வந்திட்டான், போன வருசம் அவன்ட வீட்டுக்குப் போன நேரம் ரங்குப்பெட்டிய திறந்து காட்டினான். காணி உறுதியோட ஒரே சொப்பிங் பேக்குக்குள்ள அந்தச் சர்டிபிகேட். நீல மையில இரண்டாமிடம் எண்டு எழுதியிரிக்கு, அந்தச் சொல்ல பென்சிலால வெட்டி மேல முதலாம் எண்டு எழுதி, பிறகு அதையும் ரப்பரால அழிச்ச அடையாளம். அழிச்ச இடத்தில கடதாசி தேஞ்சு போயிரிக்கு. நான் அதப் பாத்திட்டு ஒண்டும் கதைக்கல்ல, அவனும் கதைக்கல்ல.

அதால கள்ளம் செஞ்ச ஒரு விளையாட்டுக்காரர பெரிய ஆக்கள்ட வரிசையில வைக்கலாமா எண்டு ஆர் கேட்டாலும் நான் முதல்ல தேடுறது ரெண்டாவதா வந்த ஆளத்தான்.

எங்கட நாட்டுக்கே நடந்த கதை இது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ல 200 மீற்றர், அமெரிக்காக்காரி மரியன் ஜோன்ஸ் முதலாமிடம், பஹாமாஸ் நாட்டு போலின் டேவிஸ் தொம்சன் ரெண்டு, சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன்ல மூணாமிடம். ரெண்டுக்கும் மூணுக்கும் இடையில நூறில ஒரு செக்கன்தான். 1948 ல டங்கன் வைற் வெள்ளி எடுத்ததுக்குப் பிறகு இலங்கைக்கு வந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2007 ல ஜோன்ஸ் தானே ஒத்துக்கிட்டா ஊக்கமருந்து பாவிச்ச எண்டு, அவட அஞ்சு பதக்கத்தையும் எடுத்திட்டாங்க. சுசந்திகாவுக்கு வெள்ளி எண்டு ஒலிம்பிக் குழு முடிவெடுத்தது 2009 ல. ஒம்பது வருசம்! மேடையில நிண்டு வாங்கவேண்டிய வெள்ளி, அந்த மேடையையும் கைதட்டலையும் ஆரால திருப்பிக் குடுக்க ஏலும்? ஜோன்ஸ் நல்லா ஓடக்கூடியவதான், மருந்தில்லாமலும் வெண்டிருப்பா எண்டு இப்பவும் சொல்றவங்க இரிக்காங்க, இரிக்கலாம், ஆனா அத நாங்க தெரிஞ்சு கொள்ளுற வழிய அவவே அடைச்சிட்டா. அவட பேர் வரலாற்றில இரிக்கட்டும், நடந்தத அப்பிடியே எழுதி வைங்க. மாலை போடுற இடத்தில வேணாம்.

இதுக்கு மாறின கதையும் ஒண்டு இரிக்கு. ஜிம் தோர்ப் எண்டு அமெரிக்கப் பழங்குடி வீரர், 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்ல பென்டத்லனும் (அஞ்சு போட்டி சேந்தது) டெகத்லனும் (பத்துப் போட்டி சேந்தது) ரெண்டும் தங்கம். அதுக்கு முந்தி காசுக்கு பேஸ்போல் விளையாடினார் எண்டு அடுத்த வருசமே பதக்கங்களப் பறிச்சிட்டாங்க. டெகத்லன்ல அவருக்கு அடுத்ததா வந்தவர் சுவீடன்காரர் ஹியூகோ வீஸ்லாண்டர், தங்கம் அவருக்குப் போச்சு, ஆனா அந்த மனிசன் அத தன்ட எண்டு ஏத்துக்கவே இல்ல, வெண்டது தோர்ப்தான் எண்டே இரிந்தார். 2022 ல ஒலிம்பிக் குழு தோர்ப்ப தனி வெற்றியாளரா அறிவிக்கக்குள்ள இதையும் எடுத்துச் சொன்னாங்க. பாருங்க, தோத்த ஆளே சொல்றார் இந்தாள் என்ட ஒண்டையும் எடுக்கல்ல எண்டு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

உங்கட ஆள்ட கதை இந்த ரெண்டுக்கும் நடுவில கிடக்கு. அவர் பத்துப் பேர்ட கப்ப வித்தவர், அதில மறுகதை இல்ல. வெண்ட பக்கமும்தான் ஏமாந்தது, அவங்கட அலமாரியில இரிக்கிற கப் வாங்கின கப் எண்டு பாவம் அவங்களுக்கே தெரியாது. ஆனா அவர ஒருத்தரும் பிடிக்கல்ல, ஒருத்தரும் கேக்கல்ல, அவரே வந்து சொன்னவர். இது எனக்குப் பெரிய விசயம். அமெரிக்காவில பீற் ரோஸ் எண்டு பேஸ்போல்காரர், 4,256 ஹிட், அமெரிக்காட மேஜர் லீக்கில இண்டைக்கும் ஆரும் எட்டாத எண்ணிக்கை. முகாமையாளரா இரிக்கக்குள்ள தன்ட அணிட மெச்சுகள்லயே பந்தயம் கட்டினார் எண்டு 1989 ல ஆயுள் தடை, 1991 ல தடை பட்டியல்ல உள்ளவங்களுக்கு ஹோல் ஒஃப் பேம், அதான் திறமான ஆக்கள்ட பேரப் பதிஞ்சு வைக்கிற வரிசை, அதுக்கான வாக்கெடுப்பில இடமில்ல எண்டு விதியும் வந்திச்சு. மனிசன் 2004 வரைக்கும் இல்ல இல்ல எண்டே நிண்டார், 15 வருசம். 2024 செப்டெம்பர்ல காலமாகிட்டார், 2025 மே மாசம் தடை பட்டியல்ல இரிந்து பேர எடுத்தாங்க. எனக்கு இதில உடன்பாடில்ல. மன்னிக்கிறதெண்டா உசிரோட இரிக்கக்குள்ள முகத்தப் பாத்து மன்னிக்கணும், இல்லாட்டி செத்த பிறகும் இல்ல எண்டே நிக்கணும். பந்தயத்த விட அந்த 15 வருசப் பொய்தான் எனக்குப் பாரம்.

அப்ப நீங்க செய்யவேண்டியது, பிரேம் கடைக்குப் போக முந்தி அந்தப் பத்துப் பேரையும் தேடுங்க. லண்டன்ல ஒருத்தர், டோஹாவில ஒருத்தர் எண்டு இரிப்பாங்க, வட்ஸ்அப்ல ஒரு குரூப் போட்டா ஒரு பின்னேரத்தில முடியிற வேலை. அவங்க வைக்கச் சொன்னா வைங்க, படத்துக்குக் கீழ எத்தின விக்கெட் எண்டு எழுதுற அதே எழுத்தளவில 2003 பைனல்ல என்ன நடந்த, அத அவரே வந்து சொன்னார் எண்டதையும் எழுதுங்க. அவங்கள்ல ஒருத்தர் எண்டாலும் என்னால ஏலாது எண்டு சொன்னா வைக்காதீங்க, அந்த ஆள வற்புறுத்தவும் வேணாம். மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குள்ள போற நேரமெல்லாம் எனக்கு வாற நினைப்பு, அந்தப் பேர் எத்தின கப் எண்டு எண்ணி வெச்ச பேர் இல்ல, எங்கிருந்தோ வந்து இஞ்ச உள்ள பொடியன்களுக்கு விளையாட்டுச் சொல்லிக் குடுத்த ஒரு பாதர்ட பேர். சுவர்ல ஒரு படத்த மாட்டினா அதுக்குக் கீழ நிண்டு சப்பாத்துக் கட்டுற சின்னப் பொடியன் அவர்ட கதையக் கேப்பான், கேக்கக்குள்ள முழுக்கதையும் சொல்ல ஏலுமா எண்டு பாருங்க. என்ட விருப்பத்தக் கேட்டா, படம் ஏறணும். ஆனா என்ட கப் இல்லயே அது.

கேள்வி: அவுஸ்திரேலியச் சுழல்பந்துக்காரர் ஷேன் வோன் ஊக்கமருந்துத் தடை வாங்கியும் சர்வதேச கிரிக்கெட் பேரவைட (ஐசிசி) ஹோல் ஒஃப் பேமில இரிக்கார். எங்கட சனத் ஜயசூரியவுக்கு ரெண்டு வருசத் தடை, பிறகு அவரையே தலைமைப் பயிற்றுநராப் போட்டாங்க. பெரிய ஆளெண்டா வேற சட்டமா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: காக்கா, ரெண்டையும் ஒரே சாக்கில கட்டாதீங்க. வோன் 2003 உலகக் கிண்ணத்துக்குப் போன இடத்தில சிறுநீர் கூட்டுற குளிசை பாவிச்சதுக்கு ஒரு வருசம் வெளியில நிண்டார், அது தெரிஞ்ச கதை. எனக்குக் கூட உறுத்துறது 1994 கதை. கொழும்பில விளையாட வந்த நேரம் பந்தயக்காரர் ஒருத்தர்ட்ட 5,000 டொலர் வாங்கி ஆடுகளம், காலநிலை பத்தின தகவல் குடுத்தவர், அவர்ட அணிக்காரர் மார்க் வோவும் அப்பிடித்தான். அவுஸ்திரேலிய போர்ட் குற்றப்பணம் அறவிட்டு மூடி வெச்சிட்டு, உலகத்துக்குத் தெரிய வந்தது 1998 கடைசியில. 2013 ல ஐசிசி அவர அந்த வரிசையில சேத்திச்சு. 708 டெஸ்ட் விக்கெட், வேற ஆர சேக்கிற? அவர் இருக்கட்டும், ஆனா ரெண்டு கதையும் அவர்ட பேருக்குக் கீழ எழுதியிரிக்கணும்.

சனத் 2019 ல தடைப்பட்டது மெச் வித்ததுக்கில்ல, ஐசிசி விசாரணைக்கு ஒத்துழைக்காததுக்கு, அத அவரே ஒத்துக்கிட்டார். அது சின்னப் பிழை எண்டு நான் சொல்ல வரல்ல, நாங்க சின்ன வயசில அவர்ட மட்டையப் பாத்து வளந்த ஆக்கள், விசாரிச்சவங்க கேட்டவுடன தன்ட கைபோனக் குடுத்திரிக்கலாமே எண்டு இண்டைக்கும் மனம் எரியுது. ஆனா 1996 உலகக் கிண்ணத்தில அவர் அடிச்ச அடி ஆர்ட்டயும் களவெடுத்ததில்ல.

அவசரப்படுறதும் பிழைதான், குசல் பெரேராவ மறக்காதீங்க. 2015 டிசம்பர்ல நியூசிலாந்தில இரிந்து திருப்பி அனுப்பினாங்க, ஊக்கமருந்து எண்டு, கடைகள்ல எல்லாம் அவர கள்ளன் எண்டே கதைச்சம், நானும் கதைச்சன். 2016 மேயில ஐசிசியே குற்றச்சாட்ட வாபஸ் வாங்கிச்சு, அதுக்கிடையில ஒரு ரி20 உலகக் கிண்ணம் போயிட்டு. 2019 ல தென்னாபிரிக்காவோட டர்பன் டெஸ்ட்ல கடைசி விக்கெட்டுக்கு விஷ்வ பெர்னாண்டோவ வெச்சுக்கொண்டு 78 ஓட்டம் சேத்து, 153 ஆட்டமிழக்காம நிண்டு வெண்டு குடுத்தவர் அதே குசல்தான்.

கேள்வி: என்ட மகள் 400 மீற்றர் ஓடுறா, இந்த வருசம் மாகாணத்துக்குத் தெரிவாகியிரிக்கா. உடம்பு தேற எண்டு பயிற்சி குடுக்கிறவர் ஒரு பவுடரும், சுளுக்குக்கு நாட்டு மருந்தும் குடுத்திரிக்கார். பயமா இரிக்கு.
– திருக்கோவில் தாய் ஒருவர்

பதில்: தங்கச்சி, பயப்பட்டது நல்லது. ஊக்கமருந்துச் சட்டத்தில ஆர் தந்த எண்டு முதல்ல கேக்க மாட்டாங்க, ஆர்ட உடம்பில இரிந்த எண்டுதான் பாப்பாங்க. எங்கட கிரிக்கெட்காரர் உபுல் தரங்க 2011 ல தோள்மூட்டு நோவுக்கு எடுத்த நாட்டு மருந்தால மூணு மாசத் தடை வாங்கினவர், களவா எடுக்கல்ல எண்டு விசாரிச்சவங்களே ஏத்துக்கிட்ட பிறகும் தடை தடைதான். பவுடர் டப்பாவில போட்டிராத சாமானும் உள்ளுக்க இரிக்கலாம், நாட்டு மருந்துக்கு லேபிளே இல்ல. தடை செஞ்ச மருந்துப் பட்டியலும் ஒவ்வொரு வருசமும் ஜனவரி முதலாந் திகதி மாறுது, போன வருசம் சரியா இரிந்தது இந்த வருசம் பிழையாகலாம்.

இண்டைக்கே ரெண்டையும் நிப்பாட்டச் சொல்லுங்க. டப்பாவ எறியாதீங்க, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க, எந்த நாள்ல இரிந்து எவ்வளவு குடிச்சா எண்டு ஒரு கொப்பியில எழுதுங்க. கொழும்பில இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இரிக்கு, 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்தது, பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் மூலமா அங்க கேளுங்க. சுளுக்குக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா நான் போட்டிக்கு ஓடுற புள்ள எண்டு டொக்டரிட்ட அவவே வாயத் திறந்து சொல்லணும், குளிசை எழுத முந்தி.