மூன்று குடம் தண்ணீர்

அன்புள்ள அக்கா,

நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உலகம் அழிந்தபிறகு நிலத்துக்கு அடியில் 300 பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு மொத்தம் 41 விதிகள், ஏழாவது விதிப்படி இரவு எட்டு மணிக்குமேல் யாரும் பாடக்கூடாது. விதிகளை எழுதி முடித்துவிட்டேன், கதை முப்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டது. இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் எழுதித் தீர்த்தது என்கிறார்கள் நண்பர்கள். இப்படி விதிகளால் நசுங்கிய கொடிய எதிர்கால உலகத்தைச் சொல்லும் ‘டிஸ்டோபியா’வுக்கு நல்ல தமிழ்ச்சொல்கூட இல்லை. தமிழில் இந்த வகையை எழுத முடியுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சொல் இல்லை என்பதெல்லாம் ஒரு கவலையா? நீ எழுது, சொல் தானாக வரும். நண்பர்கள் சொல்வதையும் விடு. உன் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 41தான், ஏனென்றால் இரண்டு மாதமாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ருஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி ஸம்யாதின் 1920-21இல் எழுதிய ‘நாம்’ நாவலை மறுபடி படித்தேன். ருஷ்யாவில் அச்சிட விடவில்லை, 1924இல் ஆங்கிலத்தில்தான் முதலில் வந்தது, அவர் நாட்டில் வெளியாக 1988 ஆயிற்று. நகரத்துக்கும் கிராமத்துக்கும் 200 வருடப் போர், மக்கள்தொகையில் 0.2 பங்கு மட்டும் மிஞ்சியது என்று கதைசொல்லியான டி-503 கணக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறான். பெட்ரோலியத்திலிருந்தே உணவு செய்யக் கற்றுக்கொண்டார்கள், பசி தீர்ந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் இன்னமும் எல்லோரும் ஒரே நொடியில் கரண்டியைத் தூக்குகிறார்கள், ஒவ்வொரு கவளத்தையும் 50 தடவை மெல்லுகிறார்கள். பசி போய்விட்டது, பசிக்காகப் போட்ட சட்டம் மட்டும் போகவில்லை. அந்த 50 என்ற எண்ணில் நான் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டேன்.

ஸம்யாதினுக்குப் பசி தெரியும். அதே வருடங்களில் ‘குகை’ என்று ஒரு சிறுகதை எழுதினார். பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) உறைந்துபோன ஒரு வீடு, அதில் இரும்பு அடுப்புதான் தெய்வம், படித்த, நல்ல மனிதன் ஒருவன் மனைவியின் விசேஷ நாளுக்கு அறையைச் சூடாக்கப் பக்கத்து வீட்டு விறகைத் திருடுகிறான். அந்தக் குளிரை அறிந்தவர் எழுதியதால்தான் ‘நாம்’ நாவலில் வரும் கண்ணாடி நகரத்தை நான் நம்புகிறேன்.

எனக்கு கஜா புயல் ஞாபகம் வந்தது. 2018 நவம்பர் 16, விடியுமுன் கரை கடந்தது. வேதாரண்யம் பக்கம் சித்தி ஊருக்கு நான் போய்ச் சேர மூன்று நாள் ஆனது, வழியெல்லாம் தென்னை விழுந்து கிடந்தது. ஊர் மொத்தமும் பள்ளிக்கூடத்தில் இருந்தது. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, எங்கிருந்தோ ஜெனரேட்டர் கொண்டுவந்து நாளுக்கு ஒரு மணிநேரம் தொட்டியை நிரப்பினார்கள். என் சித்தப்பா ஒரு நோட்டைப் போட்டு, குடும்பத்துக்கு மூன்று குடம் என்று எழுதினார். எழுதாவிட்டால் வெட்டுக்குத்து ஆகியிருக்கும். புயலடித்த இரவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிவந்தவர் அவர், இதை நீ மறக்காதே.

பன்னிரண்டாம் நாள் லாரியில் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. தொட்டி நிரம்பி வழிகிறது. பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணொருத்தி, துணி அலச வேண்டும் என்று நாலாவது குடத்தோடு நிற்கிறாள். ஊதா பிளாஸ்டிக் குடம், வாய்ப்பக்கம் விரிசல். வழிந்த தண்ணீர் அவள் பாதத்தை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. சித்தப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, “மூணுதாம்மா” என்றார். கோபமே இல்லை அவர் குரலில். சுற்றி நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள், காலிக் குடத்தை ஏன் அப்படி இடுப்பில் வைத்துக்கொண்டாள் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது சொல், உன் 41 விதிகளை யார் போட்டார்கள்? கொடுங்கோலன் என்று எழுதியிருந்தால் கிழித்துப் போடு. சோம்பேறித்தனம் அது. வில்லனை உட்காரவைத்துவிட்டால் நீ எதையும் யோசிக்க வேண்டியதில்லை, அதனால்தான் முப்பது பக்கத்தில் மூச்சு வாங்குகிறது. பட்டியல் போடுவது சுகமாகத்தான் இருக்கும், எனக்கும் தெரியும், ஆனால் ஒரு மனிதரைக்கூட அறியாமல் 41 தடைகளை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

சரி, திட்டியது போதும். ஏழாவது விதி நல்ல விதி தம்பி, அதை மட்டும் வைத்துக்கொள். இரவில் பாடாதே என்று முதன்முதலில் சொன்னவர் யார், அன்றைக்கு அந்தச் சுவரோரம் யார் காய்ச்சலில் படுத்திருந்தது, அவர் பிழைத்தாரா? அந்த ஒரு இரவை எழுதி அனுப்பு, படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா