அடுப்படிக் கேள்வி பதில்: மாவு கையில் ஒட்டட்டும்!

கேள்வி: குறிப்பில் சொன்னபடி 500 கிராம் மைதா, 310 மில்லி தண்ணீர் எடுத்துத்தான் பிசைந்தேன். மாவு கையெல்லாம் அப்பிக்கொண்டதால் இன்னும் ரெண்டு கை மாவு தூவினேன். பிரெட் செங்கல் மாதிரி வந்தது. ஈஸ்ட் சரியில்லையா?
— ஒரு வாசகி

பதில்: ஈஸ்ட்டைத் திட்டாதீர்கள், பாவம். ரெண்டு கை மாவு என்றால் ஏறக்குறைய 100 கிராம். மாவின் எடையில் 62 சதவீதம் இருந்த தண்ணீர், அதைத் தூவியதும் 52 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அவ்வளவு இறுகிய மாவை ஈஸ்ட் விடும் காற்றால் எப்படித் தூக்க முடியும்?

எனக்கு வரும் 'பிரெட் கல்லாகிவிட்டது' கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். ஒட்டுகிறதே என்ற பயத்தில் மாவைக் கொட்டிவிடுகிறோம். பிரெட் மாவு முதலில் ஒட்டத்தான் செய்யும். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பிரெஞ்சு ரொட்டி நிபுணர் ரேமோன் கால்வெல் 1970களில் பிரபலப்படுத்திய வழி இது. அந்த நேரத்தில் மாவிலுள்ள புரதங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தாமாகவே குளூட்டன் வலையை, அதாவது ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கும் புரத வலையை, பின்ன ஆரம்பித்துவிடும். பிறகு 10 கிராம் உப்பும் 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசையுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளலாம், தண்ணீர் தொட்டுக்கொள்ளலாம். மாவு டப்பா பக்கம் மட்டும் கை போகக்கூடாது.

ஐந்தாறு நிமிடம் வரைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு விரலில் ஒட்டியிருந்ததெல்லாம் உருண்டையோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், மேல்பக்கம் வழவழப்பாகும். எலுமிச்சை அளவு கிள்ளி, நான்கு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிழியாமல் மெல்லிய திரைபோல விரிந்து, அதன் வழியே விரலின் நிழல் தெரிந்தால் பிசைந்தது போதும். பொத்துக்கொண்டால் இன்னும் மூன்று நிமிடம்.

இன்னொன்று: கப்பால் அளக்காதீர்கள். தளர்வாக அள்ளிய ஒரு கப் மாவுக்கும் அமுக்கி அள்ளிய ஒரு கப்புக்கும் எடையில் நிறைய வித்தியாசம் வரும். எடை மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மேலே நன்றாகச் சிவந்துவிடுகிறது, வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கிறதே?

பதில்: சுடச்சுட வெட்டியிருப்பீர்கள். ஓவனிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே வேக்காடு நடந்துகொண்டிருக்கும். டின்னிலிருந்து கவிழ்த்து, கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். அப்படியும் பிசுபிசுத்தால், உண்மையிலேயே வேகவில்லை. சமையல் தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பாருங்கள், 93 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். மேலே அதற்குள் கருகிவிடும் போலிருந்தால் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்.

கேள்வி: என் மனைவி பிரெட்டை ஃப்ரிட்ஜில்தான் வைப்பார். மறுநாளே வறட்டி மாதிரி ஆகிவிடுகிறது. வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்கிறார். தீர்ப்பு சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறோம்

பதில்: ஐயா, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். (குடும்பச் சண்டைக்குப் பயந்து சொல்லவில்லை.) ஃப்ரிட்ஜில் பூஞ்சை மெதுவாகத்தான் வரும். ஆனால் வெந்த மாவுச்சத்து திரும்பவும் இறுகிப்போவது அந்தக் குளிரில்தான் அதிவேகமாக நடக்கும். பிரெட் முரடாவது ஈரம் காய்வதால் மட்டுமல்ல. ஈரம் போகாமல் பையில் கட்டி வைத்தாலும் முரடாகும். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியே வையுங்கள். மிச்சத்தை ஸ்லைஸ் போட்டு, பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் போடுங்கள். உறைந்த பிரெட்டில் இந்த இறுக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். வேண்டும்போது எடுத்து நேராக டோஸ்டரில் வைக்கலாம், சூட்டில் மாவுச்சத்து மறுபடி இளகும். பழைய பிரெட் டோஸ்ட் பண்ணினால் மட்டும் நன்றாக இருப்பது அதனால்தான்.

கேள்வி: பிள்ளைகள் பிரெட்டின் ஓரத்தைப் பிய்த்து வைத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: என்னிடம் கொடுத்தனுப்புங்கள். மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து சிவக்கும் இடம் அது; வாசனை முழுக்க அங்கேதான். 1912-இல் லூயி கமீல் மய்யார் விவரித்த வேதிவினை.

கேள்வி: முழுக் கோதுமை மாவில் செய்தால் பொங்கவே மாட்டேன் என்கிறது. கடையில் வாங்கும் பிரவுன் பிரெட் மட்டும் பஞ்சுபோல் இருக்கிறதே?

பதில்: முதலில் அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். முதலில் இருப்பதுதான் அதிகம் சேர்த்த பொருள். அங்கே மைதா இருந்து, கடைசிப் பக்கம் கேரமல் நிறம் இருந்தால், உங்கள் பிரெட்டை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

தவிடு குளூட்டன் வலையை அறுக்கும், தண்ணீரையும் நிறையக் குடிக்கும். அதனால் 500 கிராமுக்கு 360 மில்லி வரை ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிசையுங்கள். மாவு இரண்டு மடங்காகும் வரை காத்திருக்காதீர்கள், ஒன்றரை மடங்கிலேயே ஓவனுக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் நடுவில் அமுங்கிவிடும். பாதிக்குப் பாதி மைதா கலந்து ஆரம்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு அன்றாடத்துக்குப் பிடித்ததே அந்தப் பாதிக்குப் பாதிதான். வெண்ணெய் தடவினாலும் மடங்காமல் நிற்கும்.

கேள்வி: அலமாரியில் ரொம்ப நாளாகக் கிடக்கும் ஈஸ்ட்டைப் போடலாமா?

பதில்: வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கரைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். நுரைத்தால் போடலாம். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில்தான் இருக்க வேண்டும். 60 டிகிரியில் நல்ல ஈஸ்ட்டே செத்துப்போகும். நுரைக்காவிட்டால் குப்பைக்கு.