வாசகர் கேள்வி பதில்: ஆன்டிபாடி எண் குறைந்தால் பயப்பட வேண்டுமா?

இந்த முறை கொரோனா வைரஸ் பற்றியும், அது வந்துபோன பிறகு ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடி (கிருமியில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) பற்றியும் வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிறைய பேர் லேப் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், அதில் தெரிகிற பதற்றத்தைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனசு வரவில்லை.

? 2021 மே மாதம் கோவிட் வந்து படுத்தேன். அப்புறம் கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டுக்கொண்டேன். அப்போது ஆன்டிபாடி டெஸ்டில் வந்த எண்ணில் கால்வாசிகூட இப்போது இல்லை. எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா? – வாசகி, பெரம்பூர்

போகவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

கிருமி உள்ளே வந்ததும் அதை அடையாளம் கண்ட பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் மளமளவென்று பெருகும், அவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்களாக மாறி ஆன்டிபாடியைச் சுரந்து தள்ளும். அறிகுறி தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு வகை ஆன்டிபாடியும் தெரிய ஆரம்பிக்கும், ஐஜிஎம் சீக்கிரமே வடிந்துவிடும், ஐஜிஜி சில வாரங்களில் உச்சத்துக்குப் போய் அப்புறம் மெல்ல இறங்கும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் கூடுதலாக வந்த சமையல் ஆட்கள் கிளம்பிவிடுவதுபோல, அவசரத்துக்கு உருவான பிளாஸ்மா செல்களில் பெரும்பாலானவை வேலை முடிந்ததும் இறந்துவிடுகின்றன. ஏற்கெனவே சுரந்த ஐஜிஜியும் சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரையும். ஆக, எண் இறங்குவது இயல்பு.

ஆனால் எல்லாமே போய்விடுவதில்லை. 2021-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கோவிட் வந்து ஏழு மாதம் ஆனவர்களின் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். 19 பேரில் 15 பேரிடம் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் அங்கே குடியேறி இருந்தன. இதைத் தவிர, அதே கிருமி மறுபடி வந்தால் வேலைக்கு இறங்கும் நினைவு பி செல்கள் இருக்கின்றன, அவை சும்மா இருக்கும்போது எதையும் சுரக்காது, அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் வரவே வராது. கிருமி புகுந்த செல்களை அழிக்க உதவும் டி செல்களும் அப்படித்தான். 2003-ல் இதன் உறவுக்கார வைரஸால் சார்ஸ் நோய் வந்து பிழைத்தவர்களிடம் 17 வருடம் கழித்தும் அதற்கான டி செல்கள் இருந்ததை சிங்கப்பூரில் கண்டுபிடித்தார்கள். நீங்கள் காசு கொடுத்து எடுத்த டெஸ்ட் இதில் எதையும் அளக்கவில்லை.

இன்னொன்று, வேறு வேறு லேபில் எடுத்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு கம்பெனி கிட்டும் வேறு அளவுகோல். இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் தப்பித்தோம் என்று மருத்துவ உலகம் பொதுவாக ஒப்புக்கொண்ட கோடு எதுவும் கிடையாது. மறுபடி ஊசி வேண்டுமா என்பதை உங்கள் வயது, சர்க்கரை, சிறுநீரக மாற்று, கேன்சர் சிகிச்சை மாதிரி விஷயங்களைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். நலமாக இருப்பவர்கள் மாதாமாதம் இந்த டெஸ்டை எடுக்க வேண்டாம், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

? என் மகனுக்குக் கோவிட் வந்ததே இல்லை, ஆனால் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வருகிறதே? – வாசகர், தாம்பரம்

எந்த ஆன்டிபாடி என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். வைரஸின் மேல் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கு எதிரானது என்றால் தடுப்பூசியாலும் வந்திருக்கலாம், கோவிஷீல்டு அந்த ஒரு புரதத்தை மட்டும்தான் உடம்புக்குக் காட்டுகிறது. உள்ளே வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோகேப்ஸிட் புரதத்துக்கு எதிரானது என்றால், அறிகுறியே இல்லாமல் தொற்று வந்துபோயிருக்கும். ஆனால் அவர் போட்டது கோவாக்சின் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அதில் செயலிழக்கச் செய்த முழு வைரஸும் இருக்கிறது.

? நான் பிளஸ் டூ படிக்கிறேன். ஆன்டிபாடி நிஜமாகவே வைரஸைத் தடுக்கிறதா என்று லேபில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? உயிருள்ள வைரஸை வைத்தா? – மாணவி, மேடவாக்கம்

எவ்வளவு நல்ல கேள்வி! ஆமாம், உயிருள்ள வைரஸை வைத்தேதான்.

சாதாரண எலைசா டெஸ்ட், ஆன்டிபாடி வைரஸின் புரதத்தில் ஒட்டுகிறதா என்று மட்டும் சொல்லும். ஒட்டுகிற எல்லாமே தடுப்பதில்லை. தடுக்கிறதா என்று பார்க்க வீரோ செல்கள் வேண்டும், இவை ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-ல் ஜப்பானில் எடுக்கப்பட்டு, இன்றுவரை உலகம் முழுக்க வளர்த்து வரப்படுகிற செல்கள். குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டின் அடியில் இவற்றை ஒரே அடுக்காக வளர்ப்பார்கள். நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, பிறகு 10 மடங்கு, 20 மடங்கு, 40 மடங்கு என்று இரட்டித்துக்கொண்டே நீர்க்கச் செய்வார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு வைரஸைக் கலந்து ஒரு மணி நேரம் 37 டிகிரியில் வைத்துவிட்டு, கலவையைச் செல்கள் மேல் விடுவார்கள். அதன் மேல் கெட்டியான ஜெல் ஒன்றை ஊற்றுவார்கள், வைரஸ் மிதந்துபோகாமல் பக்கத்துச் செல்லுக்கு மட்டும் பரவ வேண்டும் என்பதற்காக. சில நாள் கழித்து கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டால் உயிரோடு இருந்த செல்கள் ஊதாவாகவும், வைரஸ் தின்ற இடங்கள் வெள்ளை ஓட்டைகளாகவும் தெரியும். அந்த ஓட்டைக்குப் பெயர் பிளாக். சீரம் இல்லாத குழியில் இருக்கிற பிளாக் எண்ணிக்கையைப் பாதியாக்க எத்தனை மடங்கு நீர்த்த சீரம்கூடப் போதுமோ, அதுதான் உங்கள் விடை. 640 மடங்கு நீர்த்தும் தடுக்கிறது என்றால் வலுவான சீரம், 20 மடங்கிலேயே கைவிட்டுவிட்டால் பலவீனம்.

சார்ஸ்-கோவ்-2 என்கிற இந்த வைரஸை இப்படி வளர்க்க உயிர்ப் பாதுகாப்பு நிலை மூன்று கூடம் வேண்டும். அறைக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு, அதனால் காற்று உள்ளேதான் போகும், வெளியேறும் காற்று நுண்ணிய துகள்களையும் பிடித்துக்கொள்ளும் ஹெப்பா ஃபில்டர் வழியாகத்தான் போகும். அந்த வசதி இல்லாதவர்கள் ஆபத்தில்லாத வேறு வைரஸுக்கு இதன் ஸ்பைக் புரதத்தைப் போர்த்தி, சூடோவைரஸ் செய்து, நிலை இரண்டு கூடத்திலேயே சோதிக்கிறார்கள். நுண்ணுயிரியல் படிக்க ஆசை இருந்தால் தயங்காமல் சேருங்கள்மா.

? 2020-ல் எங்கள் தெருவில் வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். அதை வைத்து என்ன செய்தார்கள்? – வாசகர், அயனாவரம்

அது சீரோ சர்வே, அதாவது ஊரில் எத்தனை பேர் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறது என்று பார்க்கும் கணக்கெடுப்பு. சென்னை மாநகராட்சியும் இங்கே இருக்கிற தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து ஜூலையில் 12,405 மாதிரிகள் எடுத்ததில் 21.5 சதவீதம் பேருக்கு ஐஜிஜி இருந்தது, அக்டோபரில் அது 32.3 சதவீதம் ஆனது. அதாவது ஜூலையிலேயே ஐந்தில் ஒருவருக்குத் தொற்று வந்துபோய்விட்டது, பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை. தினமும் வெளிவந்த பாசிட்டிவ் கணக்கு இதில் சிறு பகுதிதான். ஒரு ஆளின் எண்ணாகப் பார்க்கும்போது அதிகம் சொல்லாத ஆன்டிபாடி, ஊர் முழுக்க எடுக்கும்போது இவ்வளவு சொல்கிறது. கையை நீட்டி ரத்தம் கொடுத்த உங்களுக்கு நன்றி.

? ஆன்டிபாடி இருந்தும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? எனக்கு வயது 71. – வாசகர், மயிலாப்பூர்

ஐயா, இந்தக் கொரோனா வைரஸ் குடும்பத்துக்கே அந்தப் பழக்கம் உண்டு. சாதாரண சளி உண்டாக்கும் கொரோனா வைரஸ்களை 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் 229ஈ என்ற ஒன்றை இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் தன்னார்வலர்கள் 15 பேரின் மூக்கில் விட்டார்கள், 1990-ல் முடிவு வந்தது. தொற்றியவர்களின் ஆன்டிபாடி சில வாரத்தில் ஏறி, ஒரு வருடத்தில் நன்றாக இறங்கியிருந்தது. அதே வைரஸை மறுபடி விட்டபோது பெரும்பாலோருக்குத் திரும்பவும் தொற்றியது, ஆனால் யாருக்கும் சளி பிடிக்கவில்லை. மூக்கின் சவ்வில் காவல் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது, உள்ளே இருக்கிற நினைவு செல்கள் பெரிய சேதத்தைத் தடுக்கின்றன. இதோடு ஒமைக்ரான் ஸ்பைக்கில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்ததால், பழைய ஆன்டிபாடிகளில் பல அதில் சரியாக ஒட்டவில்லை.

உங்கள் வயதில் சேதம் எல்லோருக்கும் லேசாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் கூட்டமான இடத்துக்குப் போனால் மாஸ்க் போடுங்கள், காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் ஆன்டிபாடி டெஸ்டுக்குப் போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள். அந்த நேரத்தில் தேவை மூக்கிலிருந்து எடுக்கும் ஆர்டி-பிசிஆரும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும்தான்.