பாலமும் சுங்கமும்

கேள்வி: அல்பேனியாவில் பெக்தாஷி என்ற சூஃபி பிரிவினர் இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் பாலமாக இருக்கிறார்களாம், அவர்களுக்குத் தனி நாடே தரப்போகிறார்களாம். உண்மையா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதலில் ஒரு புகார். இந்தப் பத்திரிகையில் ‘பாலம்’ என்ற சொல்லுக்கு நான் தடை போட்டு நாலைந்து வருடமாகிறது. மொழிபெயர்ப்பு ஒரு பாலம், இசை ஒரு பாலம். போன மாதம் வந்த ஒரு கட்டுரையில் சாம்பாருக்கும் மோருக்கும் நடுவே ரசம் பாலமாகியிருந்தது. பொதுப்பணித் துறைகூட இத்தனை கட்டியதில்லை. ‘நான் பாலமாகிறேன், நீ நடந்து வா’ என்று எழுதிய கவிஞர் ஒருவருக்கு, ‘சுங்கம் எவ்வளவு?’ என்று ஓரத்தில் கிறுக்கித் திருப்பி அனுப்பினேன். இன்றுவரை எந்த விழாவிலும் அவர் என் பக்கம் திரும்புவதில்லை.

சரி, பெக்தாஷிகள். அந்த ஊர்க் கதைகளில் சாரி சால்த்திக் என்று ஒரு தர்வேஷ், அதாவது சூஃபித் துறவி, வருகிறார். அல்பேனியாவின் குரூயா மலைக் குகையில் இருந்த பூதநாகத்தைக் கொன்றவர். செத்தால் உடலுக்கு ஊர்கள் அடித்துக்கொள்ளும் என்று தெரிந்து, ஏழு சவப்பெட்டி செய்து ஏழு திசைக்கு அனுப்பச் சொன்னாராம். விளைவு, போகிற இடமெல்லாம் அவருக்கு ஓர் அடக்கத்தலம். அல்பேனிய எல்லையை ஒட்டிய ஓக்ரித் ஏரிக்கரையில் புனித நவூம் மடாலயம் இருக்கிறது. அங்கே உள்ள கல்லறைக்குக் கிறிஸ்தவர் நவூம் என்று மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அதே கல்லறையை சால்த்திக் என்று பெக்தாஷி கும்பிடுவார். குரூயாவில் மனஸ்தாபம் வந்தபோது சால்த்திக் நாலே எட்டில் கடல் தாண்டி கோர்ஃபு தீவுக்குப் போய்விட்டார் என்பது கதை. பாலம் கேட்கவில்லை, கவனியுங்கள்.

பாலம் என்று சொல்லித்தான் தீரவேண்டும் என்றால் அஸ்திவாரத்தையும் பார்க்க வேண்டும். ஆட்டோமான் சுல்தான்கள் பால்கன் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து பையன்களைப் பிடித்துப்போய், மதம் மாற்றி, ஜானிசரி படையில் சேர்த்தார்கள். அந்தப் படையின் சூஃபி மரபு பெக்தாஷி. 1826-இல் சுல்தான் படையையே ஒழித்தபோது பெக்தாஷி மடங்களையும் சேர்த்து மூடினார். கூடி அமர்ந்து ரொட்டியும் மதுவும் பகிர்வது, பாபா எனப்படும் குருவின் முன்னால் குற்றத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, கல்யாணமே செய்யாத தர்வேஷ்கள்: இதெல்லாம் கிறிஸ்தவத்திலிருந்து வந்ததா, பழைய துருக்கிய வழக்கமா என்று பண்டிதர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அதில் அக்கறை குறைவு. அம்மாவிடமிருந்து பிடுங்கப்பட்ட பையன்கள் என்பதுதான் தொண்டையில் நிற்கிறது.

அப்புறம், அவர்களுடைய ஜோக்குகள். துருக்கியில் பெக்தாஷி ஜோக் என்று தனி வகையே உண்டு. பள்ளிவாசலில் ஒருவர், “இறைவா, எனக்கு ஈமானை, இறைநம்பிக்கையைக் கொடு” என்று அழுது துஆ செய்கிறார். பக்கத்தில் பெக்தாஷி கை ஏந்தி, “இறைவா, எனக்கு ஒரு புட்டி ராக்கி கொடு” என்கிறார். முதல் ஆளுக்கு ரத்தம் கொதிக்கிறது. “வெட்கமாயில்லை? நான் ஈமான் கேட்கிறேன், நீ சாராயம் கேட்கிறாயே!” பெக்தாஷி நிதானமாகச் சொன்னார்: “அவரவரிடம் இல்லாததைத்தானே அவரவர் கேட்க முடியும்?” இதை ஒரு கல்யாண வீட்டில் சொன்னேன். சிரித்தவர்கள் எல்லாரும் முதல் ஆளைப் போலவே இருந்தார்கள்.

தனி நாடு விஷயம் உண்மைதான். 1925-இல் துருக்கி எல்லா மடங்களையும் மூடியதும் பெக்தாஷித் தலைமையகம் அல்பேனியத் தலைநகர் திரானாவுக்கு வந்தது. 1967-இல் அல்பேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜா மதத்தையே தடை செய்தார்; 1990-களில் மீண்டும் திறந்தார்கள். அந்த வளாகத்தை, வாடிகனில் கால்வாசி அளவில், ஒரு குட்டி நாடாக்கப் போவதாகப் பிரதமர் எடி ராமா 2024 செப்டம்பரில் அறிவித்தார். மது உண்டாம், பெண்களின் உடைக்குக் கட்டுப்பாடு இல்லையாம்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நாடு என்றால் எல்லை, எல்லை என்றால் வாசலில் முத்திரை குத்த ஒரு ஆள். அல்பேனியாவின் தொமோர் மலைக்குக் கிறிஸ்தவர்கள் ஆகஸ்ட் 15-இல் மாதாவுக்காக ஏறுகிறார்கள். பெக்தாஷிகள் 20-ஆம் தேதிக்கு மேல் தங்கள் மகான் அப்பாஸ் அலிக்காக ஆடு சகிதம் ஏறுகிறார்கள். அந்த ஏற்றத்தில் இதுவரை யாரும் யாரிடமும் விசா கேட்கவில்லை. அந்தக் கவிஞர் இதைப் படித்தால் சொல்லுங்கள், சுங்கம் பற்றி நான் கேட்டது விளையாட்டுக்கு இல்லை.