பாலிமர் கைத்துப்பாக்கிகளில் விசையின் தன்மையை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் வசிக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. வீட்டுப் பாதுகாப்புக்கும் வார இறுதிப் பயிற்சிக்கும் சேர்த்து 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்று வாங்க நினைக்கிறேன். கடையில் க்ளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 2.0, வால்தர் பிடிபி ஆகிய மூன்றையும் கையில் வாங்கி விசையை (டிரிக்கரை) அழுத்திப் பார்த்தேன். வால்தர் மிக இலகுவாக இருந்தது. க்ளாக்கில் எந்த இடத்தில் விசை விடுபடுகிறது என்றே பிடிபடவில்லை. ஆனால் மூன்றின் விசை எடையும் (விசை விடுபடத் தேவையான அழுத்தம்) 5 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும் என்கிறார் விற்பனையாளர். அவர் சொல்வதை நம்புவதா, என் விரலை நம்புவதா?

பதில்: இரண்டுமே சரியாக இருக்க முடியும். விசைத் தராசு காட்டுவது, விசை விடுபடுவதற்குள் எட்டிய உச்ச எடையை மட்டுமே. அந்த எடை எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில் கூடி வந்தது என்பது தராசில் தெரியாது. விரலோ அதைத்தான் முதலில் உணர்கிறது. தொடக்கத்தில் லேசாக நகர்ந்து, பிறகு ஓரிடத்தில் கெட்டியாக நின்று, அதற்கு மேல் சிறிது அழுத்தியதும் சட்டென்று விடுபடும் விசை, அதே 5 பவுண்டிலும் இலகுவாகத் தோன்றும். எடை சீராக ஏறிக்கொண்டே போய், எல்லை தெரியாமல் விடுபடும் விசை கனமாகத் தோன்றும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உள்ளமைப்பில் இருக்கிறது. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட க்ளாக் 17இன் அதே அமைப்புதான் க்ளாக் 19இலும் உள்ளது. ஸ்லைடு (மேலே முன்பின் நகரும் பாகம்) பின்னுக்குப் போய்த் திரும்பும்போது, தோட்டாவைத் தாக்கிச் சுடவைக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கர் பாதியளவே இழுபட்டு நிற்கும். மீதியை உங்கள் விரல்தான் இழுத்து முடிக்க வேண்டும். விசை நகரும் தூரம் ஏறத்தாழ 12.5 மி.மீ. அந்தத் தூரத்தின் பிற்பகுதி முழுவதும் நீங்கள் ஒரு சுருள்வில்லை எதிர்த்து அழுத்துகிறீர்கள் என்பதால், விடுபடும் இடம் கூர்மையாகத் தெரிவதில்லை. எம் அண்ட் பி, வால்தர் இரண்டிலும் ஸ்லைடே அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. விரலுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அதை விடுவிக்கும் வேலைதான்.

இரும்புச் சட்டகம் கொண்ட கனமான துப்பாக்கியைக் காட்டிலும் பாலிமர் (பிளாஸ்டிக்) சட்டகம் கொண்ட துப்பாக்கியில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. மேகசின் (தோட்டாப் பெட்டி) இல்லாத க்ளாக் 19 சுமார் 600 கிராம், அதன் விசை எடை 5.5 பவுண்டு, அதாவது 2.5 கிலோ. துப்பாக்கியின் எடையைப் போல நான்கு மடங்கு அழுத்தத்தை ஒற்றை விரலால் செலுத்தும்போது, பிடியில் சிறு கோணல் இருந்தாலும் குழலின் முனை விலகிவிடும். ஆகவே, எது இலகுவாக இருக்கிறது என்று பார்ப்பதைவிட, விசை விடுபடும் கணத்தில் முன்குறி (குறிபார்க்க முன்முனையில் உள்ள சிறு மேடு) அசைகிறதா என்று பாருங்கள்.

கடையில் சோதிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். முதலில் ஊழியரிடம் அனுமதி கேளுங்கள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, தோட்டா அறை காலியாக இருப்பதை அவரும் நீங்களும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் காட்டும் பாதுகாப்பான திசையில் மட்டுமே குழலை நீட்டுங்கள். சுவரில் ஒரு சிறு புள்ளியைத் தேர்ந்து, முன்குறியை அதில் நிறுத்தி, மெதுவாக அழுத்துங்கள். விடுபட்டதும் விரலை எடுக்காதீர்கள். விசையைப் பின்னாலேயே பிடித்தபடி, மறு கையால் ஸ்லைடை ஒருமுறை இழுத்து விடுங்கள். பிறகு விரலை மிக மெதுவாகத் தளர்த்துங்கள். ஓரிடத்தில் ‘டிக்’ என்று விரலுக்குத் தெரியும். அதுதான் ரீசெட், அடுத்த சுடுதலுக்கு விசை அந்த அளவு முன்னே வந்தால் போதும். வால்தரின் விசைக்கு நல்ல பெயர் கிடைத்ததற்கு இந்தக் குறுகிய ரீசெட்டும் ஒரு காரணம். மூன்று துப்பாக்கிகளிலும் இதே வரிசையில், இதே பிடியில் செய்து பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

விரல் எங்கே படுகிறது என்பதையும் கவனியுங்கள். விசையின் கீழ்நுனியை அழுத்தினால் எடை குறைவாகவும், மேற்புறத்தை அழுத்தினால் கூடுதலாகவும் தெரியும். எம் அண்ட் பி 2.0இல் முதலில் வந்தது நடுவே கீல் வைத்த வளைந்த விசை. பின்னர் வந்தவற்றில் தட்டையான முகமும் நடுவில் சிறு பாதுகாப்புத் தகடும் கொண்ட விசை இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டின் உணர்வும் வேறு. நீங்கள் அழுத்திப் பார்த்தது எது, பெட்டியில் கொடுக்கப்போவது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்ததாக, வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளம் ஒன்றுக்குச் சென்று, மூன்றிலும் ஒரே வகைத் தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். காலியான துப்பாக்கியில் மிக இனிமையாக இருக்கும் விசை, பின்னுதைப்புக்கு நடுவே அதே அளவு உதவாமல் போவதுண்டு. வாடகைத் துப்பாக்கி ஏராளமாகச் சுடப்பட்டு, உள்பாகங்கள் உராய்ந்து மென்மையானது என்பதையும் மனத்தில் வையுங்கள். புதிதாக வாங்குவது தொடக்கத்தில் சற்றுக் கரடாகவே இருக்கும்.

விசையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், இந்த மூன்றில் வால்தருக்கே முதலிடம் கொடுப்பேன். ஆனால் இது உங்கள் முதல் துப்பாக்கி என்றால், எம் அண்ட் பி 2.0ஐயே பரிந்துரைப்பேன். அதன் விசை தெளிவாக நின்று விடுபடுகிறது. பிரித்துச் சுத்தம் செய்யும்போது உள்ளே உள்ள ஒரு சிறு நெம்புகோலை இறக்கிவிட்டால் விசையை அழுத்தவே தேவையில்லை. க்ளாக்கைப் பிரிக்க விசையை அழுத்தியாக வேண்டும். தோட்டா அறையைச் சரிபார்க்க மறந்தவருக்கு அந்த ஒரு படி பேராபத்து.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வாங்குவதையோ வைத்திருப்பதையோ கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

கேள்வி: க்ளாக்கையே வாங்கி, ‘3.5 பவுண்டு’ கனெக்டர் (விசை எடையை நிர்ணயிக்கும் சிறு உட்பாகம்) ஒன்றை மாற்றிக்கொண்டால் வால்தரைப் போல ஆகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: ஆகாது. கனெக்டர் எடையைக் குறைக்குமே தவிர, ஸ்ட்ரைக்கரை விரலால் இழுத்து முடிக்கும் அந்த அமைப்பு அப்படியே இருக்கும். மேலும் 3.5 என்று பேச்சில் வழங்கும் பாகத்தைக் க்ளாக் நிறுவனம் 4.5 பவுண்டு என்றே குறிக்கிறது.

விசை என்பது தனிப் பாகம் அன்று, பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு கண்ணி என்பதற்குச் சிக் சாவர் பி320 நல்ல சான்று. கீழே விழும்போது தானாகச் சுடக்கூடும் என்ற புகார் எழுந்ததும், 2017 ஆகஸ்டில் அந்நிறுவனம் அறிவித்த தன்னார்வ மேம்பாட்டில், எடை குறைந்த விசையும் புதிய உட்பாகங்களும் சேர்ந்தே மாற்றப்பட்டன. தொழிற்சாலையே இவற்றை ஒன்றாக வைத்துச் சிந்திக்கும்போது, வீட்டுப் பாதுகாப்புக்கென வாங்கும் துப்பாக்கியில் ஒன்றை மட்டும் பிடுங்கி மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பணத்துக்குப் பயிற்சித் தோட்டாவும், தகுதி பெற்ற பயிற்றுநரிடம் ஒரு வகுப்பும் வாங்குங்கள். அதன் பிறகும் க்ளாக்கின் விசை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், அதை விற்றுவிட்டு வால்தரை வாங்குவதே முறை.