லட்சுமி சொல்லும் கதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு எட்டு வயது. போன மாதம் திருவண்ணாமலைக்குப் போயிருந்தோம். ரமணாசிரமத்தில் லட்சுமிப் பசுவின் சமாதியைப் பார்த்ததிலிருந்து, "அந்த மாட்டுக் கதை சொல்லுப்பா" என்று பிடித்துக்கொண்டாள். போப் பதினாறாம் பெனடிக்டின் வாழ்க்கையை ஒரு பூனை சொல்வதாகக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் வந்தது நினைவுக்கு வந்தது. அதேபோல ரமணரின் வாழ்க்கையை லட்சுமியே சொல்வதாக இரண்டு பக்கம் எழுதி, வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் பெரியப்பா, "பகவான் சரித்திரத்தை மாடா சொல்றது? மரியாதையா இருக்கா?" என்றார். மகள், "மாடு 1926-லதானே வந்துச்சு? அவர் மதுரையில இருந்தப்ப நடந்ததெல்லாம் அதுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள். பெரியப்பாவுக்கு ஏதோ சமாதானம் சொல்லிவிட்டேன். மகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. தொடர்ந்து எழுதலாமா, விட்டுவிடலாமா?

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

எழுதுங்கள். ஆனால் அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். உங்கள் மகள் கேட்டது அவ்வளவு நல்ல கேள்வி.

முதலில் பெரியப்பா. அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் சைவ மரபில் மாட்டை ஒதுக்கிவிட்டு அடியார் கதை சொல்ல முடியாது. திருமூலர் கதை எங்கே தொடங்குகிறது? காவிரிக்கரைச் சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து பார்த்துக் கதறுகின்றன. அந்தப் பசுக்களின் துயரம் தாளாமல்தான் வடக்கிலிருந்து வந்த சித்தர் அந்த உடலுக்குள் புகுகிறார், திருமூலர் ஆகிறார். பெரியபுராணம் சொல்வது இது. பெரியப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள், சமாதானமாகிவிடுவார் என்றே நினைக்கிறேன்.

மகளின் கேள்விதான் கனமானது. நீங்கள் சொல்லும் போப் நூலை எடுத்துக்கொள்வோம். 2007-ல் வந்தது. ரேகன்ஸ்பர்க் நகரை அடுத்த பென்ட்லிங்கில் ராட்சிங்கருக்கு (போப்பின் இயற்பெயர் அதுதான்) ஒரு வீடு இருந்தது. அந்தப் பூனை பக்கத்து வீட்டுப் பூனை. 1927-ல் அவர் பிறந்ததிலிருந்து அதுவே கதை சொல்கிறது. அன்பான கற்பனைதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பூனையின் கண்ணுக்கு நேரே நடந்தது அவர் வாழ்க்கையில் மிகச் சிறிய பகுதிதான். மற்றதெல்லாம் பெரியவர்கள் எழுதிய வரலாற்றைப் பூனையின் குரலில் படிப்பதுபோலத்தான். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். 1879, திருச்சுழி, மதுரை, மரண அனுபவம், பாதாள லிங்கம், விரூபாட்சி குகை என்று வரிசையாக ஒரு மாடு சொல்லும்போது, அது மாடு இல்லை, மாட்டுமுகம் போட்ட தமிழாசிரியர் என்று ஒரு எட்டு வயதுக் குழந்தைக்கு உடனே தெரிந்துவிடும்.

லட்சுமி எதைப் பார்த்தாளோ அதைச் சொல்லட்டும். பார்த்தது கொஞ்சமில்லை. குடியாத்தம் பக்கம் குமாரமங்கலத்திலிருந்து அருணாசலம் பிள்ளை ஒரு பசுவையும் கன்றையும் ஆசிரமத்துக்குக் கொண்டுவந்து விட்டார். அந்தக் கன்றுதான் லட்சுமி. ஆசிரமத்தில் அப்போது தொழுவம் கிடையாது. சுற்றிலும் காடு, சிறுத்தை நடமாட்டம் வேறு. இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்று ரமணர் கேட்டிருக்கிறார். கொஞ்ச நாள் அங்கே வைத்திருந்துவிட்டு, ஊருக்குள் பசுபதி என்பவர் வீட்டில் விட்டார்கள். பின்னொரு நாள் பசுபதி தாயையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு தரிசனத்துக்கு வந்தார். அன்றைக்கு வழியைப் பார்த்துக்கொண்ட லட்சுமி, அதன்பின் தினமும் காலையில் தானாக ஆசிரமத்துக்கு நடந்து வருவாள், சாயங்காலம் ஊருக்குத் திரும்பிவிடுவாள்.

எந்தக் குழந்தைக்கும் இந்த ஒரு நடை போதும். பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்து போகும் பெருமை உங்கள் மகளுக்குத் தெரியாதா என்ன?

எனக்கு இது வெறும் படித்த விஷயம் இல்லை. என் பாட்டி வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. காடியில் கழுநீர் ஊற்றிப் புண்ணாக்கைக் கரைக்கும் வரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கரைத்துவிட்டுக் கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியைத் தடவினால் மட்டும் முகத்தை மேலே தூக்கிக் கழுத்தை நீட்டிக் கொடுக்கும். கண் பாதி மூடிக்கொள்ளும். அந்தத் தோல் மடிப்பு வெதுவெதுப்பாக, தளர்ந்து, விரலுக்கு அகப்பட்டும் அகப்படாமலும் நழுவும். மாட்டுக்கு மனிதர்கள் முதலில் கைகளாகத்தான் தெரிவார்கள் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்கிறது. ரமணரின் உபதேசத்தை லட்சுமி சொல்ல வேண்டாம். அவர் கையைப் பற்றிச் சொல்லட்டும். நானே கொஞ்சம் எழுதிப் பார்த்தேன்:

"பசுபதி ஒரே ஒரு நாள்தான் வழி காட்டினார். அடுத்த நாள் நானே கிளம்பிவிட்டேன். ஊர்ச் சத்தம் முடிகிற இடத்தில் மண் வாசனை மாறும். அதற்கப்புறம் மலை என் வலப்பக்கம் கூடவே வரும். கூடத்துத் தரை ஜில்லென்று இருக்கும். நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். நான் நேராக அவரிடம் போய்த் தலையை அவர் காலில் வைப்பேன். அவர் கை முதலில் என் நெற்றிக்கு வரும், பிறகு கழுத்துக்குப் போகும். அந்தக் கையில் வெண்டைக்காய் வாசம் வரும். எனக்கு முன்னாலேயே எழுந்து காய் நறுக்கியிருக்கிறார்."

விடியும் முன்பே சமையல்கட்டுக்குப் போய்க் காய் நறுக்குவது அவருடைய வழக்கம். அதைத் தனியாக ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டியதில்லை பாருங்கள், வாசனை போதும்.

சாப்பாட்டு வேளைக்குச் சரியாக லட்சுமி கூடத்து வாசலுக்கு வந்து நிற்பாளாம். அவள் வந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்ப்பார்களாம், மணி சரியாக இருக்குமாம். ஆசிரமத்தில் கோசாலை கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்த அன்று, குளிப்பாட்டி அலங்காரம் செய்து நிறுத்தியிருந்த லட்சுமி நழுவிப் போய் ரமணர் முன்னால் படுத்துக்கொண்டாள். அவர் எழுந்து வரும்வரை அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் தனித்தனி அத்தியாயம் கொடுக்கலாம்.

மதுரை? அதற்கும் வழி இருக்கிறது. அவள்தான் கூடத்துக்குள் வந்து போகிறவளாயிற்றே. பழைய கதைகளை ரமணரே அங்கே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். "கூடத்தில் பேசிக்கொண்டார்கள், என் காதில் விழுந்தது" என்று லட்சுமி சொன்னால் மகள் ஒப்புக்கொள்வாள். ஆனால் எல்லாவற்றையும் அந்த வழியாக உள்ளே விடாதீர்கள். நான் ஒன்றே ஒன்றைத்தான் விடுவேன், அந்தச் சீட்டை.

1896 ஆகஸ்ட் 29. பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமணர் ஆன பையன், மதுரை வீட்டை விட்டுக் கிளம்புகிறான். அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்ட வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டுப் போகிறான். சீட்டு "நான்" என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே அந்த நான் காணாமல் போகிறது. "இது நல்ல காரியத்தில்தான் பிரவேசித்திருக்கிறது" என்று எழுதுகிறான். கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

தன்னை அஃறிணையில் எழுதிவிட்டுப் போன பையன் அவன். பின்னாளில் ஆசிரமத்து விலங்குகளைப் பற்றிப் பேசும்போது ஒருநாளும் "அது" என்று சொன்னதில்லை, அவன், அவள்தான். நாய்களுக்குச் சாப்பாடு ஆனதா என்று கேட்க, "பையன்களுக்குச் சோறு போட்டாச்சா?" என்பார். "லட்சுமிக்குச் சோறு போட்டாச்சா?" என்பார். நாய்களுக்கு முதலில், பிறகு ஏழைகளுக்கு, அதற்குப் பின்தான் அடியார்களுக்குப் பந்தி என்பது அங்கே கண்டிப்பான ஒழுங்கு. ரமணரைப் பற்றி ஒரு குழந்தைக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன். தனக்கு "இது", மாட்டுக்கு "அவள்". மௌனம், ஆத்ம விசாரம் எல்லாம் உங்கள் மகள் வளர்ந்து தானே தேடிக்கொள்ளட்டும்.

இதைத் தமிழில்தான் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும். பத்தாம் வகுப்பில் வழுவமைதி படித்தது நினைவிருக்கிறதா? மாட்டைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொன்னால் திணை வழுவுகிறது, ஆனால் உவப்பினால் சொன்னதால் அமைதி என்று. "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும்" என்று தொடங்கும் நன்னூல் சூத்திரம் அது. பிரியம் வந்தால் இலக்கணம் வழிவிடும் என்பதற்கு உதாரணமாக நமக்குக் கிடைத்ததே ஒரு மாடுதான். அதே நன்னூல், கேட்பது போலவும் பேசுவது போலவும் அஃறிணையைச் சொல்லலாம் என்றும் அனுமதி கொடுக்கிறது. "மாடா சொல்றது?" என்று பெரியப்பா மறுபடி கேட்டால், நன்னூலை எழுதிய பவணந்தி முனிவரின் அனுமதி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. "நான் வந்தேன்" என்று மனிதர் சொன்னாலும் மாடு சொன்னாலும் தமிழில் ஒரே வினைமுற்றுதான். தன்மைக்குத் திணை வேறுபாடு இல்லை. லட்சுமி "நான்" என்று கதை சொல்லும்வரை அவள் எந்தத் திணை என்ற கேள்வியே எழாது. இதைக் கதைக்குள் விளக்க வேண்டாம். எழுதும்போது உங்கள் மனதில் இருந்தால் போதும்.

மலையில் கீரை பறித்துச் சமைத்து ரமணருக்குக் கொடுத்துவந்த கீரைப்பாட்டிதான் லட்சுமியாகப் பிறந்து வந்தாள் என்று அடியார்கள் நம்பினார்கள். இதை அடிக்குறிப்பாகவோ அதிசயமாகவோ எழுதாதீர்கள். லட்சுமிக்குக் கீரை என்றால் உயிர் என்று மட்டும் ஓரிடத்தில் வரட்டும். என்றைக்காவது மகள் கீரைப்பாட்டி கதையைக் கேட்கும்போது தானே சேர்த்துப் பார்த்துக்கொள்வாள்.

கடைசியாக, முடிவு. குழந்தைகள் கதை என்பதால் சாவை விட்டுவிடலாமா என்ற தயக்கம் உங்களுக்கு வரும். விடாதீர்கள். சமாதியைப் பார்த்துவிட்டுத்தானே கதை கேட்கிறாள்? ரமணரின் அடியாரான சூரி நாகம்மா தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களில் அந்த நாளைப் பதிந்திருக்கிறார். 1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை. லட்சுமி எழ முடியாமல் கிடந்தாள். ரமணர் கோசாலைக்குப் போய் அவள் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தார். தலையைத் தூக்கிப் பிடித்து, முகத்தையும் கழுத்தையும் தடவினார். தொண்டையிலிருந்து மார்பு வரை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தார். "அம்மா" என்று அழைத்துப் பேசினார். நான் கூடவே இருக்கட்டுமா என்று கேட்டார். பதினொன்றரை மணிக்கு எல்லாம் அடங்கியது. ஆசிரம வளாகத்திலேயே, மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகளுக்குப் பக்கத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். லட்சுமிப் பசு விமுத்தி அடைந்த நாள் என்று திதியும் நட்சத்திரமும் குறித்து ரமணரே ஒரு வெண்பா எழுதிக் கொடுத்தார். 1950 ஏப்ரலில் அவர் போனதைச் சொல்ல லட்சுமி இல்லை. மகள் கேட்டால் நீங்களே சொல்லுங்கள்.

அவர் கை கழுத்துக்கு வருகிற இடத்தில் லட்சுமியின் குரலை நிறுத்திவிடுங்கள். அதற்கடுத்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும், படர்க்கையில். எழுதும் முன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அவள் "வந்துச்சு", "அதுக்கு" என்றுதான் கேட்டிருக்கிறாள். கதையெல்லாம் கேட்ட பிறகு, இந்த இடத்தில் "லட்சுமி இறந்தது" என்று எழுதவா, "இறந்தாள்" என்று எழுதவா என்று அவளிடமே கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா